கொடையும் காவலும்

எங்கள் இல்லத்தில் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரு சிறு மணி ஒலிக்கும். விருந்தினர் வந்திருந்தாலும், குடும்பச் செபமாலையின் நடுவில் இருந்தாலும், எங்களில் ஒருவர் எழுந்து சென்று மாத்திரைப் பெட்டியைத் திறப்பார். மற்றவர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய வழக்கம் இது.

உயர் இரத்த அழுத்தத்தால் எங்களில் ஒருவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்து வந்த காலத்தில், மற்றவருடைய சிறுநீரகம் பொருந்தும் என்று மருத்துவர்கள் கூறினார்கள். உறுப்பு மாற்றம் பற்றிய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவினராகக் கொள்வோருள் மனைவியும் ஒருத்தி. ஒரே நாளில், அடுத்தடுத்த அறைகளில், எங்கள் இருவருடைய உடலிலும் கத்தி பட்டது. ஆகவே, இக்கட்டுரையில் எழுதுகோலைப் பிடித்திருப்பவள் கொடுத்தவளே ஆயினும், சொற்கள் இருவருடையவை. 'நாங்கள்' என்று எழுதுவதற்கு வாசகர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்வார்களாக.

சிறுநீரகம் பெற்ற கதையைச் சொல்வது எங்கள் நோக்கமன்று. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நாக்கில் தோன்றிய ஒரு சிறு புண்ணும், அதை நாங்கள் அலட்சியம் செய்த மூன்று மாதங்களுமே எங்களை எழுதத் தூண்டின. நம் பங்குகளில் பிறர் சிறுநீரகத்தாலோ ஈரலாலோ இதயத்தாலோ உயிர் வாழ்வோர் இன்று பலர் உள்ளனர். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இது பயன்படுமாயின் எங்கள் துன்பம் வீண்போகாது.

முதலில் அந்த எட்டு மணி மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அயலான் ஒருவன் வீட்டிற்குள் நுழைந்தால் காவலாளி அவனைத் துரத்துவான். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களும் அவ்வாறே பிறர் உறுப்பை அயலானாகக் கண்டு தாக்குகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, தீக்காயம் பட்ட வீரர்களுக்கு அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணிசெய்த ஜோசப் மரே என்னும் இளம் மருத்துவர் இதைக் கண்ணாரக் கண்டார். பிறர் தோலை எடுத்து ஒட்டினால் சில நாட்களில் அது உதிர்ந்துவிடும். உருவொத்த இரட்டையரிடையே உறுப்பு மாற்றினால் உடல் மறுக்காது என்பதை நம்பி, 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஓர் இரட்டையரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு அவர் பொருத்தினார். பெற்றவர் எட்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1990-இல் மரேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கத்தோலிக்கர், திருத்தந்தையின் அறிவியற் கழகத்திலும் உறுப்பினராக இருந்தார். பிற்காலத்தில் உறுப்பு மாற்றப் பணியை விட்டு, சிதைந்த முகங்களையும் தலையையும் சீரமைக்கும் தம் பழைய அறுவைத் தொழிலுக்கே அவர் திரும்பினார் என்பதை நாங்கள் பின்னாளில் படித்தபோது வியந்தோம். ஏனெனில், எங்கள் வாழ்க்கையும் சிறுநீரகத்தில் தொடங்கி அதே இடத்திற்கு வந்து சேர்ந்தது.

அத்தகைய இரட்டையர் அல்லாதோர்க்கு உறுப்பு நிலைக்கவேண்டுமானால் காவலாளியைச் சற்றே உறங்கவைக்கவேண்டும். அதற்கான மருந்துகள் 1960-களில் வரத்தொடங்கின. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிபெற்றதும் அவற்றின் துணையாலேயே. ஆனால், உறங்கும் காவலாளி அயலானை மட்டும் விட்டுவிடுவதில்லை. வீட்டிற்குள்ளேயே தோன்றும் கள்வனையும் காணத் தவறுகிறான். உடலில் அவ்வப்போது நெறிதவறிப் பிறக்கும் அணுக்களை அழிப்பதும் அதே வெள்ளணுக்களின் வேலையன்றோ? உறுப்பு பெற்றோர்க்குப் புற்றுநோய் மற்றவரைவிட மிகுதியாக வருகிறது என்பதை 1960-களின் இறுதியிலேயே மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். எல்லாப் புற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதடு, தோல் போன்ற சில இடங்களில் அதைவிடப் பன்மடங்கு. வெயில் படும் முகமும் காதும் கழுத்தும் வெள்ளையர் நாடுகளில் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டிலோ, வாயும் நாக்கும் கன்னமும் அஞ்சத்தக்க இடங்கள்.

இவற்றையெல்லாம் 2009-இல் எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கையில் கொடுத்த புத்தகத்தில் அச்சிட்டும் இருந்தது. நாங்களோ கிரியேட்டினின் என்னும் ஒரே எண்ணையே எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது 1.3 என்று வந்தால் அன்று வீட்டில் பாயசம்!

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், பெற்றவரின் நாக்கில் இடப்பக்க ஓரமாக அரிசி அளவில் ஒரு புண் உண்டாயிற்று. அவ்விடத்தில் ஒரு கடைவாய்ப்பல் உடைந்து கூராக இருந்தது. "பல் குத்துகிறது, வேறொன்றும் இல்லை" என்றார் அவர். இளமையில் இருபது ஆண்டுகள் வெற்றிலையோடு புகையிலையும் போட்டவர். சிறுநீரகம் பழுதான பிறகே அதைக் கைவிட்டவர். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினோம். ஆறியதுபோல் இருக்கும், மீண்டும் சிவக்கும். வலியில்லை என்பதே எங்களை ஏமாற்றியது.

நவம்பரில் வழக்கமான பரிசோதனைக்குச் சிறுநீரக மருத்துவரிடம் சென்றோம். இரத்தம் கொடுத்தோம், எடை பார்த்தோம், காலில் வீக்கம் இல்லை என்று மகிழ்ந்தோம். நாக்கைக் காட்டவில்லை. சிறுநீரக மருத்துவரிடம் நாக்கை எதற்குக் காட்டுவது என்று இருவருமே எண்ணினோம். எங்கள் வாழ்வில் நாங்கள் செய்த பெரும்பிழை அதுவே. வேறெவர்மீதும் குற்றம் சுமத்த எங்களுக்கு உரிமையில்லை.

டிசம்பரில் விடுமுறைக்கு வந்த எங்கள் மகள், தந்தை உணவை வலப்பக்கமாகவே ஒதுக்கி மெல்லுவதைக் கவனித்தாள். கைவிளக்கைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னாள். பார்த்தவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே எங்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். புண்ணின் ஓரத்தில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு நாட்கள் இருக்கும்போது முடிவு வந்தது. புற்று.

அன்றிரவு எங்களில் கொடுத்தவள் உறங்கவில்லை. 'என் சிறுநீரகத்தைக் காக்க அவர் விழுங்கிய மருந்தன்றோ இந்நோயை வளர்த்தது? நான் கொடுத்ததுதான் அவருக்குத் தீங்காயிற்றோ?' என்னும் எண்ணம் நெஞ்சைக் குடைந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு நாட்கள் ஆயின. சிறுநீரக மருத்துவரிடம் சொன்னபோது அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அம்மா, புகையிலையும் பாக்கும் கூர்ப்பல்லும் மருந்தும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தச் சிறுநீரகம் இல்லையென்றால் இந்தப் பதின்மூன்று ஆண்டுகள் எங்கே? மகள் திருமணத்தை அவர் பார்த்தாரே, அது எங்கே?" என்றார். அந்தச் சொற்களை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

அதைவிடக் கடினமான பேச்சு அதன் பின்னர்தான் தொடங்கியது. கட்டியை அறுத்து எடுப்பது மட்டும் போதாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் குறைக்கவேண்டும் என்றார் மருத்துவர். குறைத்தால் புற்றை எதிர்க்க உடலுக்குச் சற்று வலிமை கிடைக்கும். அதே வலிமை சிறுநீரகத்தின்மேலும் பாயக்கூடும். இதை எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்.

வீடு திரும்பியதும் எங்களுக்குள் வழக்கு மூண்டது. நாற்பதாண்டு இல்லறத்தில் அத்தகைய வழக்கு நிகழ்ந்ததில்லை. "உன் உடலை அறுத்துக் கொடுத்ததை நான் கெடுக்கமாட்டேன். மருந்தைக் குறைக்கச் சம்மதியேன்" என்றார் பெற்றவர். "உங்களுக்காகத்தானே கொடுத்தேன்? நீங்கள் இல்லாமல் அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?" என்றாள் கொடுத்தவள். இருவரும் உணவின்றிப் படுத்தோம். மறுநாள் மருத்துவர் எங்கள் வழக்கைத் தீர்த்துவைத்தார். "சிறுநீரகம் நின்றுபோனால் டயாலிசிஸ் உண்டு. புற்று கழுத்தைத் தாண்டினால் அதற்கு மாற்று இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்று இப்போதே முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரு மருந்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைப்போம், வாரந்தோறும் இரத்தம் பார்ப்போம்" என்றார். கொடுத்த பொருளின்மேல் கொடுத்தவர்க்கு உரிமையில்லை. அதைப் பெற்றவரும் உயிரினும் மேலாகப் போற்றவேண்டியதில்லை. இந்தப் பாடத்தை அன்று இருவரும் கற்றோம்.

2023 ஜனவரியில் அறுவை நடந்தது. அதற்கு முன் எத்தனை ஏற்பாடுகள்! சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் படம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்று, முன்னும் பின்னும் இரத்தம் சோதித்து, நீர் ஏற்றினார்கள். டயாலிசிஸ் காலத்தில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடக்கையில் ஊசி குத்தவோ அழுத்தம் பார்க்கவோ கூடாது என்று பட்டை கட்டினார்கள். நாக்கில் பெரும்பகுதியை எடுக்க நேர்ந்தால் முன்கையிலிருந்து தோலும் தசையும் எடுத்து ஈடுசெய்வார்களாம். அதற்கும் அந்தக் கை உதவாது, வலக்கையையே நாடவேண்டும் என்று அறுவை மருத்துவர் இரு கைகளையும் தடவிப் பார்த்தார். இறையருளால் கட்டி சிறிதாகவே இருந்தது. சுற்றிலும் நல்ல தசையோடு அதை எடுத்து, எஞ்சிய நாக்கையே மடித்துத் தைத்தார்கள்.

"கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படவில்லையே, கழுத்தை ஏன் திறக்கவேண்டும்?" என்று நாங்கள் கேட்டோம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை மருத்துவர் எடுத்துச் சொன்னார். வாய்ப்புற்றின் தொடக்க நிலையிலேயே கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் நீக்கியவர்களுள், மூன்றாண்டு முடிவில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடிருந்தனர். கணுக்கள் வீங்கிய பிறகு நீக்கலாம் என்று காத்திருந்தவர்களுள் 67.5 பேர். உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரைப் பற்றிய ஆய்வு அன்று அது. ஆயினும், காவல் குறைந்த உடலில் காத்திருப்பது இன்னும் ஆபத்து என்றார். காதின் கீழிருந்து தாடையோரமாகக் கழுத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. எடுத்த கணுக்கள் ஒன்றிலும் நோய் இல்லை, கதிர்வீச்சு தேவைப்படவில்லை.

பல ஆண்டுகள் பிரெட்னிசோலோன் உட்கொண்டவரின் உடல், நெருக்கடியில் தானே சுரக்கவேண்டிய இயக்குநீரைச் சுரக்க மறந்துவிடும். ஆகையால் அறுவை நாளில் அதை ஊசிவழி மிகுதியாகக் கொடுத்தார்கள். வாயால் விழுங்க இயலாத பத்து நாட்களும் மூக்குவழிக் குழாயே உணவுக்கும் மருந்துக்கும் பாதை. எட்டு மணி ஒலித்ததும் செவிலித் தங்கை மருந்தைக் கரைத்துக் குழாயில் செலுத்துவார். டாக்ரோலிமஸ் இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதை அடிக்கடி அளந்தார்கள். மிகுந்தால் சிறுநீரகத்திற்குக் கேடு, குறைந்தால் உடல் அதை மறுக்கும். மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.7-க்கு ஏறியபோது கொடுத்தவளின் கை தானாகவே தன் விலாவில் உள்ள பழைய தழும்பைத் தொட்டது. ஒரு வாரத்தில் அது 1.4-க்கு இறங்கியது. காயம் மற்றவர்க்கு ஆறுவதைவிட மெல்லவே ஆறியது. தையலைப் பிரிக்க அவர்கள் அவசரப்படவில்லை.

அந்த விடுதியில் எங்களைப்போல் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற இருவரைக் கண்டோம். ஒருவர்க்குக் கழுத்தில் தைராய்டின் பின்னால் உள்ள சிறு சுரப்பிகள், நெடுநாள் சிறுநீரக நோயால் பெருத்துப்போய், புதிய சிறுநீரகம் வந்த பின்னும் அடங்காமல் இரத்தத்தில் சுண்ணச் சத்தை ஏற்றிக்கொண்டிருந்தன; அவற்றை எடுத்தார்கள். மற்றவர் 2021-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பரவிய கரும்பூஞ்சையால் மூக்கின் பக்க அறைகளைச் சுரண்டி எடுக்க நேர்ந்து, மேலண்ணத்தில் ஒரு பகுதியையும் இழந்தவர். செயற்கை அண்ணம் பொருத்த மீண்டும் வந்திருந்தார். மூவர் கழுத்திலும் முகத்திலும் இருந்த நோய் வேறு வேறு. ஆயினும், மாலையில் எட்டு மணி ஆனால் மூன்று கட்டில்களிலும் மாத்திரைப் பெட்டி திறக்கும்.

பிப்ரவரி 3, புனித பிளேசியார் திருநாள். தொண்டையை ஆசீர்வதிக்கும் நாள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர் கூட்டத்தில் சேரலாகாது என்பதால், முகக்கவசம் அணிந்து ஆலயத் தாழ்வாரத்தில் நின்றோம். பங்குத்தந்தை அவர்களே வெளியே வந்து, இரு மெழுகுதிரிகளையும் கழுத்துத் தழும்பில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் செபித்தார். பெற்றவர் 'ஆமென்' என்றார். அது தெளிவாக வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். நாக்கின் ஓரம் போனபின் மற்ற எழுத்துகள் மெல்லத் திரும்பின. 'ழ' மட்டும் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன் அமர்த்தி, வாழை, மழை, கிழவி என்று சொல்லவைப்பார். வாழ்நாளெல்லாம் மாணவர்க்கு 'ழ' கற்பித்தவர், பேரன் அருகில் அமர்ந்து அவனோடு சேர்ந்து அதைக் கற்றார். சில நாட்கள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்நாட்களில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காயம் முற்றும் ஆறியபின் மருந்துகளை மாற்றினார்கள். மைக்கோபீனோலேட்டைக் குறைத்தார்கள், டாக்ரோலிமஸையும் தாழ்த்தி, சிரோலிமஸ் என்னும் வேறொன்றைச் சேர்த்தார்கள். இது சிறுநீரகத்தைக் காக்கும். சிலவகைப் புற்றுகளின் வளர்ச்சியையும் தடுக்கும் இயல்புடையது. காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துவதால் அதுவரை காத்திருந்தார்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது இம்மருந்து. 1722-இல் டச்சு மாலுமிகள் உயிர்ப்பு ஞாயிறன்று அத்தீவைக் கண்டதால் அப்பெயர் பெற்றதாம். இதைக் கேட்டது முதல் எங்கள் பேரன் அந்த மாத்திரையை 'பாஸ்கா மாத்திரை' என்றே அழைக்கிறான்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்தில் உறுப்பு மாற்றம் பெற்றவர் இருந்தால் எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் அவர் வாயைத் திறந்து நாக்கின் இரு ஓரங்களையும், அடிப்பக்கத்தையும், கன்னத்தின் உட்புறத்தையும், உதட்டையும் பாருங்கள்; கழுத்தைத் தடவிப் பாருங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்துக் கட்டி, தேறாத குரல் கம்மல் ஆகியவற்றுள் எது இரண்டு வாரத்தைத் தாண்டினாலும், வலி இல்லையென்று இருந்துவிடாதீர்கள். சிறுநீரக மருத்துவரிடமும் நாக்கைக் காட்டுங்கள். ஈரல் பெற்ற குழந்தைகளுக்கு உள்நாக்குச் சதை திடீரென்று பெருத்தால் அதையும் உடனே காட்டவேண்டும். மருந்தின் விளைவான ஒருவகை நிணநீர்ப் புற்று அவ்விடத்தில் தோன்றுவதுண்டு. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் தனியே புற்றை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. விசேஷ வீட்டுத் தாம்பூலத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயில் இட வேண்டாம்.

பல் மருத்துவரோ வேறெவரோ எந்த மருந்தை எழுதுமுன்னும், 'மாற்று உறுப்பு உள்ளது' என்பதை முதலில் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரைகள் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில காளான் மருந்துகளும் எரித்ரோமைசின் போன்றவையும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, புற்று என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி, எட்டு மணி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர்கள் கூடிப் பேசிச் செய்யவேண்டிய பணி.

இன்று கிரியேட்டினின் 1.5. கழுத்தைக் குறித்த காலத்தில் காட்டிவருகிறோம். மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்ற தவக்காலத்தில் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதன் பேரில் பெற்றவர் மீண்டும் வாசக மேடை ஏறினார். 'வாழ்வு' என்னும் சொல் வந்த இடங்களில் அது 'வாள்வு' என்றே ஒலித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் அவர் அந்தப் பகுதியைத் தனியே அமர்ந்து மீண்டும் இருமுறை வாசித்தார். பிறகு மணி எட்டு ஒலித்தது.